தீட்டு எங்கே இருக்கின்றது?

பன்றி என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தில் முகத்தைச் சுளிக்காத தமிழர் நம்மிடையே மிகச் சிலரே. சுளித்த முகத்தோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தைக்குச் சென்று, ஒரு கிலோ வாங்கி, செய்தித்தாளில் பொதிந்து, வீட்டுப் பெரியவர் கண்ணில் படாமல் பின்கட்டில் வறுத்துண்போரோ மிகப் பலர். வாங்குவதில் வெட்கம், உண்பதில் விருப்பம், பேசுவதில் பயம். இந்த வெட்கமும் பயமும் ஒரு வீட்டின் சமையற்கட்டோடு நின்றால் நாம் பேனாவை எடுத்திருக்க மாட்டோம். இன்று நம் ஆற்றையும் காற்றையும் கெடுக்கின்ற ஒரு காரியத்திற்கு அவை திரையாக நிற்கின்றன. அத்திரையை விலக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பினாங்கு மாநிலத்தின் நிலைமையை முதலில் காண்போம். ஜார்ஜ் டவுன் நகரம் தீவில் இருக்கின்றது. பன்றிப் பண்ணைகளோ கடலுக்கு அப்பால் பெருநிலத்தில், செபராங் பிறையில் இருக்கின்றன. வடக்கே தாசெக் குளுகோரை அடுத்த கம்போங் செலாமாட்டும், தெற்கே சுங்கை பாக்காப்பை அடுத்த வால்டோரும் இத்தொழிலுக்குப் பேர்போன இடங்கள். தென்பகுதி நம்மவர் கரும்பிலும் ரப்பரிலும் செம்பனையிலும் வியர்வை சிந்திய பூமி என்பதை நிபோங் திபால், ஜாவி வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே, உண்பது தீவு. நாற்றத்தை முகர்வது பெருநிலம். கெரே ஆறு பண்ணைக் கழிவு கலந்து கறுத்து நாறுகின்றதென்று கரையோர மக்கள் பல்லாண்டுகளாக முறையிட்டனர். 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் அம்முறையீடு நாடறிந்த செய்தியாயிற்று. பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட சஹாபாட் ஆலாம் மலேசியா என்னும் ஸ்தாபனமும் அவர்கள் பக்கம் நின்று வாதாடியது.

அம்முறையீட்டிற்குக் கிடைத்த மறுமொழி யாது? ஒரு கூட்டத்தார் இதனை மதப் பிரச்சினையாக்கினர்; பன்றியே கூடாதென்றனர். மற்றொரு கூட்டத்தார் இதனை இனப் பிரச்சினையாக்கினர். குறை கூறுவோரெல்லாம் எங்கள் உணவைப் பறிக்க வந்தவரென்றனர். ஆற்றைப் பற்றிய பேச்சு இவ்விரு கூச்சல்களுக்கும் நடுவே அமுங்கிப்போயிற்று. இசுலாமிய அன்பர்கள் தம் மார்க்கப்படி ஓர் உணவை விலக்குதல் அவர்களுடைய உரிமை. அதில் நாம் குறை காணோம். சீன அன்பர்கள் அதனை உண்ணுதல் அவர்களுடைய உரிமை. அதிலும் குறை காணோம். ஆனால் கழிவுக் குட்டையிலிருந்து எழும் வாயுவிற்கு மதமும் இல்லை, இனமும் இல்லை. அதற்கு அளவு உண்டு, நிறை உண்டு, விலை உண்டு. அவற்றைப் பேசுவார் எங்கே என்று கேட்கின்றோம்.

நம்மவரும் இக்குற்றத்தினின்று தப்பியவரல்லர். தாய்நாட்டில் பன்றி வளர்த்தலைச் சில வகுப்பார் தலையில் சுமத்திவிட்டு, அதனை வளர்த்தமையாலேயே அவர்களைத் தாழ்ந்தவரென்று ஒதுக்கிய சமூகம் நம்முடையது. வளர்த்தவனைத் தாழ்த்தி, உண்டவனை மன்னித்த நியாயம் அது! அந்த நியாயத்தையும் மூட்டை கட்டிக்கொண்டே நம் முன்னோர் கப்பலேறினர். தீட்டு, தீட்டு என்று ஒரு விலங்கைச் சுட்டிக் காட்டுகின்ற விரல், உண்மையான அழுக்கு இருக்கும் இடத்தைக் காட்டுவதே இல்லை.

நோயைத் தவறாக அறிந்தால் என்ன நேரும் என்பதற்கு இந்நாட்டிலேயே ஒரு பாடம் உண்டு. 1998ஆம் ஆண்டு இறுதியில் ஈப்போ வட்டாரத்துப் பண்ணைகளில் மூளைக் காய்ச்சல் பரவியது. கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று முதலில் கருதிப் புகையடித்தனர், தடுப்பூசி போட்டனர். நோயோ பன்றியிலிருந்து நேரே மனிதனைப் பற்றிய புதிய கிருமியால் வந்தது. நிப்பா என்று பின்னர்ப் பெயர் பெற்ற அக்கிருமியை 1999 மார்ச்சு மாதத்தில் கண்டறிவதற்குள் அது நெகிரி செம்பிலான் வரை சென்றுவிட்டது. இந்நாட்டில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் மாண்டனர். பத்து லட்சத்திற்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. பண்ணையில் கூலிக்கு உழைத்த இந்தியத் தொழிலாளரும் நோய்க்கு இரையாயினர். கொசுவின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு வாரத்திற்கும் மனித உயிர்கள் விலையாயின. இன்று விலங்கின் மேல் பழி போட்டுக்கொண்டிருப்பதும் அத்தகைய தவறே.

நிற்க. சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. பினாங்கு மாநிலம் 2016இல் பன்றி வளர்ப்பிற்கென்று தனிச் சட்டம் இயற்றிற்று. பழைய திறந்த கொட்டில்களை விட்டு, நாற்றமும் கழிவுநீரும் வெளியேறாத நவீன மூடிய கொட்டில்களுக்கு மாறும்படி பண்ணையாளரை வற்புறுத்தியும் வந்தது. 2023ஆம் ஆண்டில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பினாங்குப் பண்ணைகளிலும் புகுந்தபோது, மூடிய கொட்டிலின் அவசியம் இன்னும் வலுப்பட்டது. மனிதரைப் பற்றாத நோயாயினும் பன்றிகளை மந்தை மந்தையாகக் கொல்லும் நோய் அது. ஆற்றைக் காக்கவும் நோயைத் தடுக்கவும் மூடிய கொட்டில் வேண்டும் என்பதில் நமக்கு வேறு கருத்தில்லை.

ஆனால் மூடிய கொட்டில் எதனால் ஓடுகின்றது என்று யாராவது கேட்டதுண்டா? சுவர் அடைத்த கொட்டிலில் இவ்வூர் வெயிலுக்குப் பன்றி பிழைக்க வேண்டுமானால் பெரிய விசிறிகள் இரவும் பகலும் சுழல வேண்டும். ஈரத் தட்டிகளில் நீர் ஓட வேண்டும். மின்சாரம் நின்றால் சில மணி நேரத்தில் மந்தையே மூச்சுத் திணறி மடியும். ஆகவே டீசல் இயந்திரம் ஒன்று எப்பொழுதும் ஆயத்தமாக நிற்க வேண்டும். ஈன்ற தாய்ப்பன்றிக்கு 20 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சி வேண்டும். அதன் மடியில் கிடக்கும் குட்டிக்கோ முதல் வாரத்தில் 32 முதல் 34 டிகிரி வெப்பம் வேண்டும். எனவே ஒரே அறையில் ஒரு பக்கம் விளக்கு சுடுகின்றது. மறுபக்கம் விசிறி குளிர்விக்கின்றது. ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் இவ்விரண்டிற்கும் தீனி போடுவது ஒரே மின்கம்பி. அக்கம்பியின் மறுமுனையில் இருப்பது யாது? பேராக் மாநிலத்து மஞ்சோங்கில் உள்ளது போன்ற நிலக்கரி நிலையங்களும், எரிவாயு நிலையங்களுமே. நிலக்கரியோ பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வருகின்றது. ஆற்றில் விழுந்த அழுக்கை எடுத்து ஆகாயத்தில் வீசுவதற்குச் சீர்திருத்தம் என்று பெயரிடுகின்றனர்! இதனை நாம் அரைச் சீர்திருத்தம் என்றே சொல்லுவோம்.

மற்றப் பாதி எங்கே இருக்கின்றதென்றால், எவரும் திரும்பிப் பார்க்க விரும்பாத கழிவுக் குட்டையில் இருக்கின்றது. காற்றுப் படாத ஆழத்தில் சாணம் அழுகும்போது மீத்தேன் என்னும் வாயு பிறக்கின்றது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் பூமியைச் சூடாக்குவதில் ஏறத்தாழ 28 கிலோ கரியமிலவாயுவிற்குச் சமம். அதே ஒரு கிலோவை எரித்துவிட்டாலோ இரண்டே முக்கால் கிலோ கரியமிலவாயுவே மிஞ்சும். அதாவது, மூடி போட்டுக் கொளுத்துவதொன்றினாலேயே கேட்டில் பத்தில் ஒன்பது பங்கு ஒழிகின்றது. கொளுத்துகின்ற நெருப்பைக் கொண்டு வேலை வாங்கினால், நிலக்கரியும் டீசலும் அந்த அளவிற்கு மிச்சமாகின்றன. திறந்த குட்டையை வைத்துக்கொண்டு விசிறிக்கு நிலக்கரி மின்சாரம் வாங்குகின்ற பண்ணை, கிணற்றடியில் நின்றுகொண்டு தண்ணீர் விலைக்கு வாங்குகின்றவனுக்கு ஒப்பாகும்.

கணக்கு வேண்டுவோர்க்குக் கணக்கும் தருவோம். ஆயிரம் பன்றிகள் உள்ள பண்ணையில் சாணத்தை அதிகத் தண்ணீர் கலக்காமல் சேர்த்தால் நாளொன்றுக்குச் சுமார் நூறு கன மீட்டர் சாண எரிவாயு கிடைக்கும். அதில் ஐந்தில் மூன்று பங்கு மீத்தேன். ஒரு கன மீட்டரிலிருந்து இயந்திரத்தின் மூலம் ஏறத்தாழ இரண்டு யூனிட் மின்சாரம் எடுக்கலாம். வெப்பமாகக் கொண்டால் அரை லிட்டருக்கு மேற்பட்ட டீசலுக்கு அது சமம். ஆகவே நாளொன்றுக்கு 200 யூனிட், அல்லது 60 லிட்டர் டீசலின் வெப்பம். தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10ஆம் நாள் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியதே, அன்றைய விலையில் இது நாளொன்றுக்கு 200 வெள்ளி. விலை ஏறிற்றென்று அழுதவர்கள், தம் கொல்லையில் ஆவியாகப் போகும் 200 வெள்ளிக்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் விட்டதாக நாம் அறியோம்.

இது மேனாட்டார் நேற்றுக் கண்ட மாயவித்தையுமன்று. 1897ஆம் ஆண்டிலேயே பம்பாய் மாதுங்காவில், தொழுநோயாளர் இல்லமொன்றின் மனிதக் கழிவிலிருந்து வாயு எடுத்து விளக்கேற்றினர். ஊரார் தொட மறுத்த மனிதருடைய, எவரும் தொட மறுக்கும் பொருளிலிருந்து வெளிச்சம் பிறந்தது. தீட்டென்று ஒதுக்கியதற்குள் ஒளி இருந்தது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேறென்ன வேண்டும்? இன்று மனிதத் தொகையைவிடப் பன்றித் தொகை மிகுந்த டென்மார்க்கு தேசத்தில், கால்நடைச் சாணத்தை முதன்மையாகக் கொண்டு எடுக்கும் வாயு, ஊர்ப் பொது எரிவாயுக் குழாய்களிலேயே ஓடுகின்றது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் தோட்டத்து வாசகர்கள் தம் கண் முன்னேயே இதைக் காண்கின்றனர். செம்பனை ஆலைக் கழிவுநீர்க் குட்டையிலிருந்தும் இதே மீத்தேன்தான் எழுகின்றது. 2014ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து, புதிதாகக் கட்டப்படும் ஆலைகளும், உற்பத்தியைப் பெருக்க அனுமதி கேட்கும் ஆலைகளும், அவ்வாயுவைப் பிடிக்கவோ எழாமல் தவிர்க்கவோ ஏற்பாடு செய்தாக வேண்டும் என்று மலேசியச் செம்பனை வாரியம் விதி செய்தது. குட்டையின் மேல் கறுப்புத் துப்பட்டி போர்த்தாற்போல் உப்பி நிற்கும் மூடிகளைப் பார்த்த நம் தோழர்கள் பலருண்டு. ஒரே நாடு, ஒரே வாயு, ஒரே வெயில். செம்பனைக் குட்டைக்கு ஒரு விதி, பன்றிக் குட்டைக்கு வேறொரு விதியா? இந்த வேற்றுமைக்கு விஞ்ஞானத்தில் காரணம் கிடையாது. செம்பனையைப் பற்றி மந்திரிகள் மேடையில் பேசலாம். பன்றியைப் பற்றிப் பேசினால் ஓட்டுப் போகும். காரணம் இதுவே, இது ஒன்றே என்று நாம் துணிந்து கூறுகின்றோம்.

எதிர்வாதங்களையும் கேட்போம். முதலாவது, “பண்ணைகளையே மூடிவிட்டால் தொல்லை ஒழியுமே” என்பர். சிங்கப்பூர் அப்படித்தான் செய்தது. 1984இல் முடிவெடுத்து, பொங்கோல் வட்டாரப் பன்றிப் பண்ணைகளை 1990க்குள் ஒழித்தது. பன்றி உண்பதை அவ்வூரார் விட்டனரா? இல்லை. இந்தோனேசியாவின் புலாவ் பூலான் தீவிலிருந்து உயிர்ப்பன்றி கப்பலேறியது. தூர தேசங்களிலிருந்து உறைந்த இறைச்சி வந்தது. கொட்டில் அயலூருக்குப் போயிற்று. கப்பலின் புகையும் குளிர்ப்பெட்டியின் மின்சாரமும் கணக்கில் ஏறின. சிறிய தீவுக்கு நிலம் அருமை. அதன் வழக்கு வேறு. பினாங்கு அதனைப் பின்பற்றினால் அழுக்கு ஒழியாது. நம் கண்ணிலிருந்து மட்டும் ஒழியும். கண்ணுக்கு மறைந்ததைச் சுத்தம் என்று எண்ணுவதுதான் தீட்டுப் புத்தியின் இலக்கணம்.

இரண்டாவது, “சிறு பண்ணையாளன் இவ்வளவு முதலுக்கு எங்கே போவான்?” என்பர். இது நியாயமான கேள்வி. மூடிய கொட்டில் கட்டுவதற்கே கடன்பட்டவன் அவன். ஆகவே விதி மட்டும் போதாது. குறைந்த வட்டிக் கடனும் கூட்டுறவும் வேண்டும். கம்போங் செலாமாட்டில் பண்ணைகள் ஒன்றையொன்று அடுத்திருக்கின்றன; குழாய் வழியாகக் கழிவைச் சேர்த்துப் பல பண்ணைகளுக்கு ஒரே வாயுக் கலம் அமைக்க இது வசதி. லாரியில் சாணத்தைக் கொண்டுபோவது கூடாது. ஒரு பண்ணையின் நோயை மறுபண்ணைக்குச் சக்கரமே சுமந்து செல்லும். பணமில்லாதவனும் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. தூசி படிந்த விசிறி இதழைத் துடைத்தல். குட்டிகளுக்கு மூடியுள்ள சிறு பெட்டி அமைத்து, அறை முழுவதும் சுடும் விளக்கைக் குறைத்தல். சாணத்தை முதலில் வாரிவிட்டுப் பிறகு நீரூற்றுதல். கொட்டிலின் கூரையில் சூரியத் தகடு ஏற்றுதல். இவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு வேண்டியது கோடி வெள்ளியன்று, கொஞ்சம் கவனம்.

மூன்றாவது, “வாயுக் கலத்தில் ஆபத்தில்லையா?” என்பர். உண்டு. அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு அதில் கலந்திருக்கின்றது. அது இயந்திரத்தை அரிக்கும். மிகுந்தால் மூக்கு அதன் நாற்றத்தை உணரும் சக்தியையே இழக்கும். பிறகு உயிரும் போகும். ஆனால் அவ்வாயு திறந்த குட்டையிலும் கொட்டிலுக்கு அடியிலுள்ள சாணக் குழியிலும் இன்றே இருக்கின்றது. அக்குழியில் இறங்குபவன் முதலாளியல்லன், கூலிக்காரன். முன்பு நம்மவன் இறங்கினான். இன்று பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளி இறங்குகின்றான். மூடிய கலமும், இரும்புத் துருவலின் வழியாக வாயுவைச் செலுத்திச் சுத்தம் செய்யும் ஏற்பாடும், குழிக்குள் இறங்காமல் வேலை செய்யும் முறையும் அவன் உயிருக்குக் காப்பு. கரியைக் குறைப்பதும் கூலிக்காரனைக் காப்பதும் இங்கே ஒரே வேலையாகின்றன.

இனி, வாயுவைப் பிடித்துவிட்டால் எல்லாம் முடிந்ததென்று நாம் ஏமாற்றவும் மாட்டோம். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2013இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகப் பன்றி வளர்ப்பிலிருந்து எழும் சூட்டுவாயுக்களில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு தீனியால் வருவது. கால் பங்குக்குச் சற்று மேற்பட்டது சாணத்தால் வருவது. நம் பண்ணைத் தீனியின் சோளமும் சோயாவும் அர்ஜென்டினா, பிரேசில் முதலிய தேசங்களிலிருந்து மாக்கடல்களைக் கடந்து வருகின்றன. ஆகவே ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீனி செல்கின்றது என்பதே கரிக்கணக்கின் முதல் வரி. வயதுக்கேற்ற தீனி, சிந்தாமல் சிதறாமல் ஊட்டும் தொட்டி, நோயில்லாத மந்தை, நம் ஆலைகளில் மலிவாகக் கிடைக்கும் செம்பனைப் பருப்புப் பிண்ணாக்கை ஏற்ற அளவு சேர்த்தல் ஆகிய இவை தீனிச் செலவையும் குறைக்கும், புகையையும் குறைக்கும். முன்னாளில் சீனக் குடியானவர் பன்றிச் சாணத்தைக் காய்கறித் தோட்டத்திற்கும் மீன் குளத்திற்கும் கொடுத்து எதையும் வீணாக்காமல் வாழ்ந்தனர். அந்தப் புத்தியைத்தான் புதிய சாதனங்களோடு மீட்க வேண்டும் என்கின்றோம். வாயு எடுத்தபின் எஞ்சும் சாணக் குழம்பு நல்ல எரு. கப்பலில் வரும் இரசாயன உரத்தை அந்த அளவிற்கு வாங்க வேண்டுவதில்லை.

கடைசியாக நம்மவரில் சிலர், “சீனன் வளர்க்கின்றான், மலாய்க்காரன் முறையிடுகின்றான், இதில் தமிழனுக்கென்ன?” என்று கேட்பர். வறுவலை உண்ணும்போது இக்கேள்வி ஏன் எழவில்லை? மின்கட்டணம் கட்டும்போது தமிழனுக்குத் தனிக் கட்டணமா? வெள்ளத்தில் லயம் மூழ்கும்போது தண்ணீர் இனம் பார்த்து வருகின்றதா? 2030க்குள் மீத்தேனை முப்பது சதவீதம் குறைக்கும் உலக உடன்படிக்கையில் இந்நாடு 2021இல் சேர்ந்ததே, அக்கையெழுத்து நம் பெயராலும் போடப்பட்டதன்றோ?

ஆகவே நாம் கேட்பது இவ்வளவே. செம்பனை ஆலைக்கு 2014இல் இட்ட கட்டளையைப் பன்றிப் பண்ணைக்கும் இடுக. மூடிய கொட்டிலுக்கு அனுமதி கொடுக்கும்போதே, கழிவு வாயுவைப் பிடிக்கும் ஏற்பாட்டையும் மின்சார, டீசல் கணக்கையும் சேர்த்துக் கேட்குக. அக்கணக்கு ஆண்டுதோறும் ஜனங்கள் பார்க்கும்படி வெளியாகுக. சிறியவனுக்குக் கடன் கொடுத்துக் கைதூக்கிவிடுக. குழியில் இறங்கும் தொழிலாளியின் உயிருக்குப் பண்ணைக்காரன் பொறுப்பேற்குக. இவற்றில் ஒன்றேனும் எந்த மதத்திற்கும் விரோதமா? எந்த இனத்திற்கும் இழிவா?

வாசகத் தோழர்களே! பன்றி தன் சேற்றிலே கிடப்பது குளிர்ச்சிக்காக; அதற்கு வியர்க்க வழியில்லை. நாம் நம் சேற்றிலே கிடப்பது வெட்கத்தாலும் பயத்தாலும். எழுந்துகொள்ள நமக்கு வழி உண்டு. அடுத்த முறை உங்கள் ஊர்ச் சட்டமன்ற உறுப்பினர் கோயில் மண்டபத்திற்கோ தோட்டத்துப் பள்ளிக்கோ வரும்போது, மாலை போட்டு அனுப்பாதீர்கள். கெரே ஆற்றின் கரையில் அந்தக் குட்டைகளுக்கு மூடி எப்போது வரும் என்று கேளுங்கள். முகத்தைச் சுளிப்பது அவர் முறையாகட்டும்.